மறைந்திருந்து கேட்டலும் கடன் தீர்த்தலும்: கர்ட் கோபேன் விரும்பிய ஐம்பது இசைத்தொகுப்புகள் – ஒரு திறனாய்வு நோக்கு

முன்னுரை

படைப்பாளர் ஒருவர் எவற்றைப் படித்தார், எவற்றைக் கேட்டார் என்னும் செய்திகளைத் திறனாய்வாளர்கள் பெரும்பாலும் வாழ்க்கை வரலாற்றின் பின்னிணைப்பாகவே கருதி வந்துள்ளனர். கவிஞர் ஒருவரின் வீட்டு நூலகத்தில் இருந்த நூல்களின் பட்டியல் கிடைக்குமாயின், அதனை அவர்தம் கவிதைகளுக்கு மூலம் தேடும் கருவியாகப் பயன்படுத்துகிறோம். அத்துடன் அதன் பணி முடிந்துவிட்டது என எண்ணுகிறோம். அப்பட்டியலே ஒரு திறனாய்வுச் செயலாக அமையக்கூடும் என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை.

அமெரிக்க ராக் இசைக்குழுவான நிர்வாணாவின் பாடகரும் பாடலாசிரியருமான கர்ட் கோபேன் (1967–1994) தம் கைப்பட எழுதிவைத்த ஐம்பது இசைத்தொகுப்புகளின் பட்டியலை இக்கட்டுரை அந்நோக்கில் ஆராய முற்படுகிறது. ராக் இசை நம் துறையின் ஆய்வெல்லைக்குள் வழக்கமாக வருவதன்று. பௌத்தத்தின் வீடுபேற்றுச் சொல்லைப் பெயராகச் சூடிக்கொண்டது என்பதைத் தவிர, இக்குழுவுக்கும் இந்திய மரபுக்கும் பெரிய தொடர்பு எதுவும் இல்லை. எனினும் இங்கு எழும் வினா நமக்குரியதே. ஒருவர் தமக்கு முன் பாடியோரின் பெயர்களை வரிசைப்படுத்தி எழுதும்போது உண்மையில் என்ன செய்கிறார்? தம் சுவையின் உயர்வைக் காட்டுகிறாரா, தாம் பட்ட கடனை ஏற்றுக்கொள்கிறாரா? மாணவர்க்கு வாசிப்புப் பட்டியல் வகுத்துத் தரும் ஆசிரியர் எவரும் இவ்வினாவை எதிர்கொண்டே ஆகவேண்டும்.

பட்டியலும் அதன் காலமும்

கோபேன் 1994 ஏப்ரல் 5ஆம் நாள், தம் இருபத்தேழாம் வயதில் உயிர்நீத்தார். அவர் விட்டுச்சென்ற குறிப்பேடுகளிலிருந்து தேர்ந்தெடுத்த பக்கங்கள் 2002ஆம் ஆண்டு 'ஜர்னல்ஸ்' என்னும் பெயரில் நூலாக வெளிவந்தன. கடித வரைவுகள், பாடல் வரிகள், கேலிச் சித்திரங்கள் ஆகியவற்றுக்கிடையே விருப்பப் பட்டியல்கள் பலவும் அந்நூலில் காணப்படுகின்றன. அவற்றுள் மிக விரிவானது 'நிர்வாணாவின் தலைசிறந்த ஐம்பது' என்னும் பொருள்படத் தலைப்பிடப்பட்ட பட்டியல்.

குறிப்பேட்டில் இப்பட்டியலுக்குத் தேதி இல்லை. எனினும் அகச்சான்று கொண்டு அதன் காலத்தை ஓரளவு வரையறுக்க முடிகிறது. பதினாறாம் இடத்தில் இங்கிலாந்துப் பாடகி பி.ஜே. ஹார்வியின் 'டிரை' இடம்பெற்றுள்ளது. அத்தொகுப்பு 1992இல் வெளிவந்தது. ஆகவே பட்டியல் அதற்கு முற்பட்டதாக இருத்தல் இயலாது. 1991 செப்டம்பரில் வெளியான நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்', 1992 ஜனவரியில் அமெரிக்க விற்பனை வரிசையில் முதலிடம் பெற்றது. இவ்விரு செய்திகளையும் இணைத்து நோக்கினால், இது பெயர் பெறாத இளைஞர் ஒருவரின் ஆசைப் பட்டியலன்று என்பது தெளிவாகும். உலகம் தம்மை உற்றுநோக்கத் தொடங்கிய பிறகு ஒருவர் எழுதியது இது. அந்த வேறுபாடு, பட்டியலை நாம் படிக்கும் முறையையே மாற்றிவிடுகிறது.

முதலிடத்தில் இருப்பது இகி அண்ட் தி ஸ்டூஜஸ் குழுவின் 'ரா பவர்' (1973). அடுத்தடுத்து பிக்சிஸ் குழுவின் 'சர்ஃபர் ரோசா' (1988), பிரீடர்ஸ் குழுவின் 'பாட்' (1990), ஸ்காட்லாந்தின் வாசலின்ஸ் குழுவின் குறுந்தொகுப்பு ஒன்று, ஷாக்ஸ் என்னும் சகோதரியர் குழுவின் 'ஃபிலாசஃபி ஆஃப் தி வேர்ல்டு' (1969) ஆகியவை வருகின்றன. பிளாக் ஃபிளாக் குழு இரண்டு இடங்களைப் பெறுகிறது. போர்ட்லண்டு நகரின் வைப்பர்ஸ் குழுவின் முதல் மூன்று தொகுப்புகளும் 46 முதல் 48 வரை தொடர்ந்து நிற்கின்றன.

பட்டியலின் எழுத்துமுறை தனியே கருதத்தக்கது. வாசலின்ஸ் குழுவின் குறுந்தொகுப்பை அதன் பெயரால் சுட்டாமல், 'இளஞ்சிவப்புக் குறுந்தொகுப்பு' என்னும் பொருள்படவே கோபேன் எழுதுகிறார். ஸ்லிட்ஸ் குழுவின் 'கட்' (1979) என்னும் தொகுப்பு, அதிலுள்ள பாடல் ஒன்றின் பெயரால் குறிக்கப்படுகிறது. ஆஸ்திரேலியாவின் செயின்ட்ஸ் குழுவுக்கும் பாடற்பெயரே தொகுப்பின் பெயராகிறது. சுவிட்சர்லாந்தின் கிளீனெக்ஸ் குழுவுக்கு எதிரே தொகுப்பின் பெயரே இல்லை. அவர்கள் வெளியிட்டவற்றுள் எதுவாயினும் சரி என்னும் குறிப்பே உள்ளது. இவற்றைப் பிழைகள் என ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின் அட்டையின் நிறத்தாலும் மனத்தில் பதிந்த ஒரு பாடலாலும் தொகுப்பை நினைவுகூர்தல், அதனைக் கையில் எடுத்துப் பலகால் கேட்டவருக்கே இயல்வது. அட்டவணை நூலைப் பார்த்து எழுதுபவர் இவ்வாறு எழுதமாட்டார். நினைவிலிருந்து எழுந்த பட்டியல் இது என்பதற்கு இவையே சான்றுகள்.

தரவரிசையா, தன்னுருவாக்கமா?

சுவை என்பது தனிமனித விருப்பம் மட்டுமன்று. சமுதாயத்தில் ஒருவர் தமக்கெனக் கோரும் இடத்தின் அடையாளமும் ஆகும் என்பது பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1979இல் வெளியிட்ட ஆய்வின் மையக் கருத்து. இக்கருத்தைக் கோபேனின் பட்டியலுக்குப் பொருத்திப் பார்ப்பது பொருந்தும். பேரளவு விற்பனையால் தம் பழைய நண்பர்களின் ஐயத்துக்கு ஆளான இசைஞர் ஒருவர், எவரும் அறியாத சிறு குழுக்களின் பெயர்களை அடுக்குகிறார். புகழுக்கு அப்பாலும் தாம் பழையவரே என மெய்ப்பிக்கும் முயற்சியாக இதனைக் கொள்ள இடமுண்டு. தலைப்பில் தம் பெயருக்குப் பதிலாகக் குழுவின் பெயர் நிற்பதும், பிறர் பார்வைக்கு வைக்கும் நோக்கம் முற்றிலும் இல்லை எனச் சொல்லவிடாமல் தடுக்கிறது.

ஆயினும் இவ்விளக்கம் பட்டியல் முழுவதற்கும் பொருந்தவில்லை. பதினெட்டாம் இடத்தில் நாக் குழுவின் 'கெட் தி நாக்' (1979) உள்ளது. பங்க் இசையன்பர்கள் வணிக இசை என எள்ளி நகையாடிய தொகுப்பு அது. ஏரோஸ்மித் குழுவின் 'ராக்ஸ்' (1976), ஆர்.இ.எம். குழுவின் 'கிரீன்' (1988), பீட்டில்ஸ் குழுவின் 'மீட் தி பீட்டில்ஸ்' (1964) ஆகியனவும் பெருவிற்பனை கண்டவையே. அரிய சுவையுடையவர் எனத் தம்மைக் காட்டிக்கொள்ள விரும்புபவர் முதலில் மறைக்கக்கூடிய பெயர்கள் இவை. கோபேன் இவற்றை மறைக்கவில்லை.

மறுபுறம், அவர் விட்டுவிட்டவையும் உள்ளன. இளமையில் அவர் விரும்பிக் கேட்ட லெட் செப்பலின் பட்டியலில் இல்லை. 'ஏரோ செப்பலின்' எனத் தம் தொடக்ககாலப் பாடல் ஒன்றுக்குப் பெயரிட்டவர், அப்பெயரின் முதற்பாதிக்குரிய குழுவை வைத்துக்கொண்டு பிற்பாதிக்குரிய குழுவை நீக்கிவிட்டார். இத்தகைய எழுபதுகளின் குழுக்களின் பாடல் வரிகள் பெண்களை இழிவுபடுத்துவதைப் பின்னர் உணர்ந்ததாக அவர் நேர்காணல்களில் கூறியதுண்டு. அவ்வளவுகோல் ஏரோஸ்மித்துக்கு ஏன் பொருந்தவில்லை என்னும் வினாவுக்குப் பட்டியலில் விடை இல்லை. அவருக்கு வழிகாட்டியான மெல்வின்ஸ் குழுவும் பட்டியலில் காணப்படவில்லை. அருகிலிருப்போரைப் பட்டியலிடத் தோன்றாமையே இதற்குக் காரணமாகலாம். எவ்வாறாயினும் பட்டியலைக் கோபேனது சுவையின் முழுமையான பதிவாகக் கொள்ளுதல் கூடாது என்பதை இவ்விடைவெளிகள் உணர்த்துகின்றன.

கேட்டல் என்னும் பயிற்சி

பட்டியலின் பொருளை அறிய அதற்குப் பின்னுள்ள கேட்டல் முறைகளை அறிதல் வேண்டும். கோபேன் பிறந்து வளர்ந்த அபர்டீன், வாஷிங்டன் மாநிலத்தின் மேற்குப்புறத்திலுள்ள மரத்தொழில் ஊர். புதிய இசை அங்கு எளிதில் வந்து சேர்வதில்லை. பங்க் இசையைக் கேட்பதற்கு முன்னரே அதனைப் பற்றி இதழ்களில் படித்து, படங்களைப் பார்த்து, அது எவ்வாறு ஒலிக்கும் எனத் தாமே கற்பனை செய்துகொண்டவர் அவர். ஊர் நூலகத்தில் கிடைத்த தி கிளாஷ் குழுவின் 'சாண்டினிஸ்டா!' (1980) அவருடைய கற்பனைக்கு ஈடாகாமல் ஏமாற்றம் அளித்ததை வாழ்க்கை வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. ஐம்பதின் பட்டியலில் அக்குழுவின் மற்றொரு தொகுப்பே இடம்பெறுகிறது.

பின்னர் மெல்வின்ஸ் குழுவின் பஸ் ஆஸ்போர்ன் பதிவுசெய்து கொடுத்த ஒலிநாடாக்கள் வழியாகவே பிளாக் ஃபிளாக் முதலிய குழுக்கள் அவருக்கு அறிமுகமாயின. ஒருவர் மற்றொருவருக்காகத் தேர்ந்தெடுத்து, வரிசைப்படுத்தி, பதிவுசெய்து கையில் கொடுப்பது இம்முறை. கடையில் வாங்கிய பொருளைக் காட்டிலும் அது ஆசிரியர் மாணவருக்கு ஓதுவிக்கும் பாடத்தையே பெரிதும் ஒத்தது. 'கேள்வி' என்னும் நம் சொல் செவிவழிக் கல்வியையும் வினாவையும் ஒருங்கே குறிப்பதை இங்கு நினைவிற் கொள்ளலாம்.

1987இல் கோபேன் ஒலிம்பியா நகருக்குக் குடிபெயர்ந்தார். கால்வின் ஜான்சன் 1982இல் தொடங்கிய 'கே ரெக்கார்ட்ஸ்' அங்குதான் இயங்கியது. அச்சிறு நிறுவனம் ஒலிநாடாக்களாகவே பல படைப்புகளை வெளியிட்டது. ஜப்பானின் ஒசாகா நகரைச் சேர்ந்த ஷோனென் நைஃப் என்னும் பெண்கள் குழுவின் 'பர்னிங் ஃபார்ம்' (1983) அமெரிக்காவை அடைந்தது கே ரெக்கார்ட்ஸின் ஒலிநாடா வழியாகவே. பட்டியலின் இருபத்தாறாம் இடம் அதற்குரியது. அந்நிறுவனத்தின் சின்னத்தைக் கோபேன் தம் முன்கையில் பச்சை குத்திக்கொண்டார். டெக்சஸ் மாநிலத்தில் வாழ்ந்த டேனியல் ஜான்ஸ்டன் (1961–2019) வீட்டிலேயே பதிவுசெய்து பலருக்கும் கைப்படக் கொடுத்த ஒலிநாடாவும் பட்டியலில் உண்டு. விலையுயர்ந்த ஒலிப்பதிவுக் கூடம், பயிற்சி பெற்ற குரல், பெருநிறுவன விளம்பரம் ஆகிய மூன்றும் இல்லாமலேயே இசை இசையாக நிலைபெறும் என்பதைக் கோபேன் இத்தகைய நாடாக்களிலிருந்து கற்றார் எனலாம். பயிற்சியின்றி வாசித்த ஷாக்ஸ் சகோதரியரை ஐந்தாம் இடத்தில் வைத்ததும் இக்கல்வியின் விளைவே.

திரும்பத் திரும்பக் கேட்டல் அவருடைய மற்றொரு வழக்கம். நிர்வாணாவின் முதல் தொகுப்பான 'பிளீச்' (1989) பெரும்பாலும் கனத்த, இருண்ட ஒலியுடையது. அதனிடையே 'அபவுட் எ கேர்ல்' என்னும் மெல்லிய இன்னிசைப் பாடல் தனித்து நிற்கிறது. 'மீட் தி பீட்டில்ஸ்' தொகுப்பை மணிக்கணக்கில் மீண்டும் மீண்டும் ஓடவிட்டுக் கேட்ட பின்னர் அப்பாடலை அவர் எழுதியதாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பர். 1980களின் பிற்பகுதியில் பல இசைத்தட்டுகளின் துணுக்குகளை வெட்டியும் ஒட்டியும் 'மான்டாஜ் ஆஃப் ஹெக்' என்னும் ஒலித்தொகுப்பு ஒன்றையும் அவர் வீட்டில் உருவாக்கினார். கேட்டலும் செய்தலும் அவரிடம் தனித்தனி வேலைகளாக இருக்கவில்லை.

ரெயின்கோட்ஸ்: தேடிச்சென்ற கேட்பவர்

பட்டியலின் இருபத்தோராம் இடம் ரெயின்கோட்ஸ் குழுவின் முதல் தொகுப்புக்கு உரியது. லண்டன் நகரில் தோன்றிய இப்பெண்கள் குழுவின் தொகுப்பு 1979இல் வெளிவந்தது. 1990களின் தொடக்கத்தில் அது கடைகளில் கிடைக்கவில்லை, குழுவும் கலைந்திருந்தது. தம்மிடமிருந்த படி தேய்ந்துபோனமையால் புதிய படி தேடி லண்டனில் ரஃப் டிரேட் கடைக்குச் சென்றதையும், அங்கிருந்தவர் வழிகாட்ட, குழுவின் பாடகி ஆனா ட சில்வா பணிபுரிந்த பழம்பொருட்கடைக்குச் சென்று அவரைச் சந்தித்ததையும் கோபேன் 'இன்செஸ்டிசைடு' (1992) தொகுப்பின் உறைக்குறிப்பில் எழுதியுள்ளார். சில வாரங்கள் கழித்து ஆனா அனுப்பிய பொதியில் அத்தொகுப்பும் குழுவினரின் கையொப்பங்களும் இருந்தன. பல்லாயிரவர்முன் பாடும்போது கிட்டாத மகிழ்ச்சி அதில் தமக்குக் கிட்டியது என்பதே அக்குறிப்பின் சாரம். நிறவெறியரும் பெண்வெறுப்பாளரும் ஒருபாலீர்ப்பினரை வெறுப்போரும் தம் இசையை விட்டு விலகிப்போகட்டும் என அவர் கண்டிப்புடன் எழுதியதும் அதே உறைக்குறிப்பிலேதான்.

இவ்விரு செய்திகளும் ஒரே பக்கத்தில் இடம்பெற்றது தற்செயலன்று என நாம் கருதுகிறோம். பட்டியலின் ஐம்பது இடங்களுள் பத்துக்கும் மேற்பட்டவற்றில் பெண்கள் பாடகராகவோ இசைஞராகவோ முதன்மை பெறுகின்றனர். ஆண்மைச் செருக்கையே முதலீடாகக் கொண்ட ராக் மரபில் இவ்விகிதம் வழக்கமானதன்று. யாரைக் கேட்கிறோம் என்பதும், யார் தம்மைக் கேட்கவேண்டும் என விரும்புகிறோம் என்பதும் கோபேனிடம் ஒரே வினாவின் இரு பக்கங்களாக அமைந்தன.

1993இல் ரெயின்கோட்ஸ் தொகுப்புகள் குறுந்தட்டுகளாக மறுவெளியீடு பெற்றன. அதற்கு நிர்வாணாவின் நிறுவனமும் துணைநின்றது. முதல் தொகுப்பின் மறுவெளியீட்டுக்குக் கோபேன் எழுதிய குறிப்பு இக்கட்டுரையின் நோக்கில் மிக இன்றியமையாதது. இவ்விசையைத் தாம் நேராகக் கேட்பதாக அவர் உணரவில்லை. பழைய வீடொன்றின் மேல்தளத்தில் மறைந்திருந்து, கீழே அவர்கள் தமக்காகவே வாசிப்பதைச் செவிமடுப்பதாக உணர்கிறார். சிறிது அசைந்தாலும் அவர்கள் அறிந்துவிடுவர். அறிந்தால் யாவும் கெட்டுவிடும். ஏனெனில் அவ்விசை அவர்களுக்குரியது.

சுவைஞரின் உரிமை பற்றி நாம் வழக்கமாகக் கொண்டுள்ள எண்ணத்துக்கு இது மாறானது. காசு கொடுத்து வாங்கியவருக்குத் தட்டு உரிமையாகிறது. அதிலுள்ள பாடல் உரிமையாவதில்லை என்னும் உணர்வு இங்குள்ளது. கேட்பவர் விருந்தினர், விருந்தினர்க்குரிய அடக்கத்துடன் இருத்தல் வேண்டும். ஐம்பதின் பட்டியலை இக்குறிப்பின் வெளிச்சத்தில் படிக்கும்போது, அது உடைமைகளின் கணக்கிலிருந்து மாறி, ஒருவர் நுழைந்து அமைதியாக அமர்ந்திருந்த வீடுகளின் வரிசையாகத் தோன்றுகிறது.

கேட்டலிலிருந்து படைப்புக்கு

கேட்டவற்றின் தடம் படைப்பில் விழுவதைக் கோபேன் மறைத்ததில்லை. 1994 ஜனவரியில் 'ரோலிங் ஸ்டோன்' இதழில் வெளியான நேர்காணலில், தம் மிகப் புகழ்பெற்ற பாடல் பிக்சிஸ் குழுவைப் போலச் செய்ய முயன்றதன் விளைவே என வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். தாழ்ந்த ஒலியில் பாடி வந்து திடீரெனப் பேரொலியாக வெடிக்கும் அமைப்பை அவர் பிக்சிஸிடமிருந்தே கற்றார்.

பட்டியலின் இரண்டாம், மூன்றாம் இடங்களிலுள்ள 'சர்ஃபர் ரோசா', 'பாட்' ஆகிய இரண்டையும் ஒலிப்பதிவு செய்தவர் ஒருவரே. அவர் ஸ்டீவ் ஆல்பினி (1962–2024). ஒலிப்பதிவுக் கூடத்தில் இசைக்குழு எவ்வாறு ஒலிக்கிறதோ அவ்வாறே அதனைப் பதிவுசெய்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. 'நெவர்மைண்ட்' தொகுப்பின் மெருகேறிய ஒலியில் நிறைவு காணாத கோபேன், அடுத்த தொகுப்பான 'இன் யூட்டரோ'வை (1993) ஆல்பினியிடம் ஒப்படைத்தார். 1993 பிப்ரவரியில் மின்னசோட்டா மாநிலத்தில் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் ஒலிப்பதிவு நிறைவுற்றது. கோடிக்கணக்கில் விற்ற தொகுப்பின் ஒலியைக் கைவிட்டு, தாம் விரும்பிக் கேட்ட இரு தொகுப்புகளின் ஒலியைத் தேடிச்செல்வது வணிக நோக்கில் துணிச்சலான முடிவு. பட்டியலின் தலைப்பகுதி வெறும் விருப்பமாக நின்றுவிடாமல் தொழில் முடிவாகவும் மாறியதை இங்குக் காண்கிறோம்.

1993 நவம்பர் 18

கேட்டல் கடன்தீர்த்தலாக மாறியதன் உச்சம் நியூயார்க் நகரில் 1993 நவம்பர் 18ஆம் நாள் எம்டிவி தொலைக்காட்சிக்காகப் பதிவான 'அன்பிளக்டு' நிகழ்ச்சி. புகழ்பெற்ற பாடல்களை எளிய கருவிகளுடன் மீண்டும் பாடுவதே அத்தொடரின் வழக்கம். நிர்வாணா அன்று பாடிய பதினான்கு பாடல்களுள் ஆறு பிறருடையவை. அவர்களை உலகறியச் செய்த பாடல் அவ்வரிசையில் இடம்பெறவே இல்லை.

அவ்வாறனுள் ஒன்று டேவிட் போவியின் 'தி மேன் ஹூ சோல்டு தி வேர்ல்டு'. அதே பெயருடைய தொகுப்பு பட்டியலில் நாற்பத்தைந்தாம் இடத்தில் உள்ளது. முதலிடத்திலுள்ள 'ரா பவர்' தொகுப்பின் பெரும்பாலான பாடல்களுக்கு ஒலிக்கலவை செய்தவரும் போவியே. மற்றொரு பாடல், கிறித்துவச் சிறுவர் பாடல் ஒன்றை எள்ளலாக மாற்றி வாசலின்ஸ் பாடியது. கோபேன் நிறத்தால் நினைவுகூர்ந்த அக்குறுந்தொகுப்பிலேயே அது இடம்பெற்றிருந்தது. இறுதிப் பாடல் லெட் பெல்லி (1888–1949) பாடிப் பரப்பிய பழைய நாட்டார் பாடல். அவருடைய இறுதிக்காலப் பதிவுகளின் தொகுப்பு முப்பத்துமூன்றாம் இடத்தில் உள்ளது. மார்க் லேனகனின் 1990ஆம் ஆண்டுத் தொகுப்பில் இதே பாடலுக்குக் கோபேன் கித்தார் வாசித்திருந்தார். ஆகவே மேடையில் ஒலித்தது அன்றைக்கெனத் தேர்ந்த பாடலன்று. ஆண்டுக்கணக்கில் அவருடன் வாழ்ந்த பாடல்.

எஞ்சிய மூன்றும் மீட் பப்பெட்ஸ் குழுவின் 1984ஆம் ஆண்டுத் தொகுப்பைச் சேர்ந்தவை. ஐம்பதின் பட்டியலில் அக்குழுவுக்கு இடமில்லை. ஆயினும் மேடையில் மூன்று பாடல்கள் அவர்களுடையவை. அக்குழுவின் கிர்க்வுட் சகோதரர் இருவரையும் மேடைக்கு அழைத்துத் தம்முடன் வாசிக்கவைத்தார் கோபேன். பட்டியலுக்கும் செயலுக்கும் இடையே முரண்பாடு தோன்றும்போது செயலையே முதற்சான்றாகக் கொள்ளுதல் தகும். கோபேனின் கேட்டல் மரபை முழுமையாகக் காட்டுவது குறிப்பேட்டின் ஒரு பக்கத்தைவிட அந்த ஓர் இரவே என்பது நம் துணிபு.

இக்கடன்தீர்ப்பின் விளைவுகள் எப்போதும் எண்ணியவாறு அமையவில்லை. அப்பாடலைப் பிற்காலத்தில் மேடையில் பாடியபோது, நிர்வாணாவின் பாடலை இவர் பாடுகிறாரே என இளைஞர்கள் எண்ணியதைப் போவி குறைபட்டுக்கொண்டதுண்டு. கடன் கொடுத்தவரே கடன்பட்டவராகத் தோன்றும் நிலை அது. ரெயின்கோட்ஸ் குழுவோ மீண்டும் கூடி, 1994 ஏப்ரலில் நிர்வாணாவுடன் பிரிட்டனில் பயணம் செய்வதாக இருந்தது. கோபேனின் மறைவால் அது நிகழவில்லை. எனினும் அவர்கள் தொடர்ந்து இயங்கி 1996இல் புதிய தொகுப்பு ஒன்றை வெளியிட்டனர். தேய்ந்த தட்டுக்கு மாற்றுத் தேடிச்சென்ற ஒருவரின் நடை, கலைந்துபோன குழு ஒன்றின் மறுவாழ்வுக்குத் துணையாயிற்று.

பட்டியலின் எல்லைகள்

இப்பட்டியலை உலகளாவிய சுவையின் சான்றாகப் போற்றுவது மிகையாகும். பெரும்பாலான பெயர்கள் அமெரிக்காவையும் பிரிட்டனையும் சேர்ந்தவை. ஆசியா முழுமைக்கும் ஒசாகாவின் ஒரு குழுவே பொறுப்பேற்கிறது. ராக் இசையின் வேர் கறுப்பின மக்களின் புளூஸ் இசையில் உள்ளது என்பது வரலாறு. எனினும் ஐம்பதில் கறுப்பின இசைஞர் எனச் சுட்டத்தக்கோர் லெட் பெல்லி, பேட் பிரெயின்ஸ், பப்ளிக் எனிமி ஆகிய மூவரே. நிறவெறியைக் கண்டித்த அதே கை எழுதிய பட்டியல் இது. நோக்கத்துக்கும் பழக்கத்துக்கும் இடையிலான தொலைவு இங்கு வெளிப்படுகிறது. சிறு நகரத்து ஒலிநாடாக்களின் வழி வளர்ந்த சுவை, அந்நாடாக்கள் சென்ற வழிகளைத் தாண்டி அதிகம் செல்லவில்லை. அவ்வெல்லையை மறைக்காமல் சொல்வதே திறனாய்வுக்கு அழகு.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, கோபேனின் பட்டியல் தன்னுருவாக்கத்தின் கூறுகளைக் கொண்டிருப்பினும் அதனோடு அடங்கிவிடவில்லை. இரண்டாவது, அதன் பொருளை நிறைவுசெய்வன அவர் பதிவுசெய்த நாடாக்கள், தேடிச்சென்ற கடை, எழுதிய உறைக்குறிப்புகள், தேர்ந்த ஒலிப்பதிவாளர், பாடிய பிறர் பாடல்கள் ஆகியவையே. மூன்றாவது, மேல்தளத்தில் அசையாமல் இருந்து கேட்பவர் என்னும் உருவகம், சுவைஞர் பற்றிய ஓர் அறக்கொள்கையாகவே கொள்ளத்தக்கது.

இவ்வறக்கொள்கை நம்மையும் கட்டுப்படுத்துகிறது. தம் குறிப்பேட்டைப் பிறர் படிக்கக்கூடாது எனவும் படிக்கலாம் எனவும் மாறுபட எழுதிவைத்தவர் கோபேன். அச்சேறிய அப்பக்கங்களைப் புரட்டும்போது மேல்தளத்தில் மறைந்திருப்பவர் நாமே. இன்று இணையவழி இசைச் சேவைகளில் அவ்வைம்பதனுள் பெரும்பாலானவற்றைச் சில நிமிடங்களில் தேடி எடுத்துவிடலாம். பல்லாண்டுத் தேடலின் பயனைத் தேடாமலே பெறுகிறோம். அவ்வெளிமையைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஆயின் ஐம்பதையும் ஒருமுறை ஓடவிட்டு முடித்தவர், கோபேன் கேட்டதைக் கேட்டவராகிவிடுவார் எனக் கருதுதல் இயலாது.

நம் பல்கலைக்கழகங்களிலும் பள்ளிகளிலும் ஆண்டுதோறும் வாசிப்புப் பட்டியல்களை வழங்குகிறோம். மாணவர் அவற்றைத் தேர்வுக்குரிய பெயர்களாக மனனம் செய்கின்றனர். நாமும் பெயர்களின் நிறைவில் மன அமைதி கொள்கிறோம். அப்பட்டியலிலுள்ள நூல் ஒன்றேனும் படி தேயும் அளவுக்கு நம்மால் படிக்கப்பட்டதா, அதன் ஆசிரியருக்கு நாம் திருப்பிச் செலுத்தியது என்ன என்னும் வினாக்களை முதலில் நம்மிடமே கேட்டுக்கொள்ளுதல் நலம். பட்டியல் வகுப்போர் அவ்வினாக்களுக்கு விடை கூற இயன்றவராயின், அதனைப் பெறும் மாணவரும் ஒரு நாள் அந்நூலாசிரியரின் கதவைத் தட்டக்கூடும்.